ஏலத்தில் விற்ற குதிரை

வீட்டில் வேண்டாத சாமானை விற்கிறவன், அதிலுள்ள குறையை வாங்குகிறவன் கேளாமலே சொல்லக் கடமைப்பட்டவனா?

சில வாரங்களுக்கு முன், ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது குடும்பத் தலைவர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டார். கேள்வி சிறியதுதான். ஆனால் இரண்டு மூன்று நாளாக அது அவரைத் தூங்கவிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விஷயம் இதுதான்.

அவர் வீட்டில் பழைய பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. வாங்கி ஒன்பது வருஷம் ஆயிற்று. வேலைக்குப் போகத் தொடங்கிய மகள் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டாள். பழையது கூடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இளையவனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. கைபேசியில் படம் பிடித்துப் போட்டால் ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் போகும் என்கிறான் பையன். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிரிட்ஜில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு. மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பினால் இரண்டு மாதம் நன்றாகக் குளிரும். பிறகு மெல்ல மெல்லக் குளிர் குறைந்து, வைத்த பால் திரிந்துபோகும். சென்ற வாரந்தான் கேஸ் நிரப்பியிருக்கிறது. இன்று யார் வந்து கதவைத் திறந்து பார்த்தாலும் உள்ளே பனி கட்டியிருக்கும்.

"கேட்டால் சொல்லிவிடுவேன், சாமி. பொய் பேச மாட்டேன். கேட்காவிட்டால்? சும்மா இருப்பதும் பொய்யாகுமா?" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். "பழசு வாங்குகிறவங்களுக்குத் தெரியாதாங்க, பழசு பழசாகத்தான் இருக்கும் என்று? நாமாகப் போய் எதுக்குச் சொல்லணும்?"

இருவரும் நல்லவர்களே. இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது. இன்று நம் குடும்பங்களில் அநேகம், கூடுதலாக நாலு காசு கிடைக்கட்டும் என்று கைபேசியில் இப்படிச் சாமான் விற்கின்றன. ஆகவே இக்கேள்வியை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது எல்லோருக்கும் பயன்படும்.

பழைய வியாபாரமும் புதிய வியாபாரமும்

வேண்டாத சாமானை விற்பது நமக்குப் புதிதன்று. தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வரும் பழைய பேப்பர்காரரை அறியாத வீடில்லை. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு மூர் மார்க்கெட் நினைவிருக்கும். 1985-ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாகும் வரை, பழைய புத்தகம் முதல் பழைய கிராமபோன் வரை அங்கே கைமாறாத பொருளில்லை.

ஏலமும் நமக்குப் புதிதன்று. 'ஏலம்' என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. நாம் ஏலம் விடும் அலமாரியின் பெயரும் அவர்களிடமிருந்து வந்ததுதான். பல பங்குகளில் திருவிழாவன்று நேர்ச்சையாக வந்த கோழியையும் ஆட்டையும் வாழைத்தாரையும் கோவில் முற்றத்தில் ஏலம் விடுவது வழக்கம். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று கூவி முடிப்பதற்குள் பொருளின் யோக்கியதை ஊருக்கே தெரிந்துவிடும். கோழி நொண்டினால் அது எல்லோர் கண்முன்னும் நொண்டும். வாழைத்தார் பிஞ்சாக இருந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் பிஞ்சாக இருக்கும். அங்கே ஒளிக்க இடமில்லை.

புதிய வியாபாரம் அப்படிப்பட்டதன்று. அதன் பிறப்பைக் கேளுங்கள். 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியேர் ஒமிடியார் என்ற இளைஞர், மக்கள் ஒருவருக்கொருவர் சாமான் விற்றுக்கொள்ள இணையத்தில் ஓர் ஏலக்கூடம் அமைத்தார். அதுவே பின்னர் ஈபே என்று உலகெங்கும் பேர்பெற்றது. அங்கே முதன்முதல் விலைபோன பொருள் எது தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு. மேடையில் பேசுகிறவர்கள் திரையில் ஒளிப்புள்ளி காட்டப் பயன்படுத்துகிறார்களே, அது. அது 14 டாலர் 83 செண்டுக்கு விலைபோயிற்று. அதைப் பணம் கொடுத்து வாங்க ஓர் ஆள் இருப்பார் என்று ஒமிடியாரே எதிர்பார்க்கவில்லை. அவர் அந்த மனிதருக்கு எழுதிக் கேட்டார்: அது உடைந்தது என்று தங்களுக்குத் தெரியுமல்லவா? தெரியும் என்றும், உடைந்த லேசர் விளக்குகளைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்றும் பதில் வந்தது.

இந்தக் கதையைச் சிரித்துவிட்டு விட்டுவிட வேண்டாம். உலகத்தின் மிகப் பெரிய ஏலக்கடையில் நடந்த முதல் வியாபாரம், விற்கிறவன் தன் பொருளின் குறையை வாங்குகிறவனுக்கு வலிய நினைவூட்டிய வியாபாரம். பணம் கைக்கு வரும் தருணத்தில், "உமக்குத் தெரிந்துதானே வாங்குகிறீர்?" என்று கேட்டான் அந்த விற்பனையாளன். நம் குடும்பத் தலைவரைத் தூங்கவிடாத கேள்வியும் அதுவே.

இந்தியாவில் ஈபே 2004-இல் பாசி என்ற இணைய ஏலக்கடையை வாங்கி நடத்தியது; 2018-இல் அக்கடை மூடப்பட்டது. வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் இன்றும் ஈபேயில் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். இங்கே இருக்கிற நாம் ஓஎல்எக்ஸ், பேஸ்புக் போன்றவற்றில் படமும் விலையும் போட்டு, கேட்கிறவர்களோடு பேரம் பேசி, அதிகம் தருகிறவருக்குக் கொடுக்கிறோம். கூவுகிற ஆள் இல்லையென்றாலும் இதுவும் ஒருவகை ஏலமே. எல்லாவற்றுக்கும் பொதுவான லட்சணம் ஒன்றுண்டு: வாங்குகிறவன் பொருளைப் பார்ப்பதில்லை, நாம் காட்டும் படத்தைப் பார்க்கிறான். கீறல் உள்ள பக்கத்தைச் சுவரோரம் திருப்பிவைத்துப் படம் எடுப்பது நம் கையில் இருக்கிறது.

சட்டம் சொல்லும் குதிரைக் கதை

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. உண்மையல்லாததை உண்மையென்று சொல்லி ஏமாற்றுவது மோசடி. தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடி மறைப்பதும் மோசடி. ஆனால் வெறுமனே வாய் திறவாமல் இருப்பது, பேசவேண்டிய கடமை இருந்தாலொழிய, மோசடி ஆகாது. இதை விளக்கச் சட்டமே ஒரு குதிரைக் கதை சொல்கிறது.

ஒருவன் ஒரு குதிரையை ஏலத்தில் விற்கிறான். அதற்கு உடம்பில் கோளாறு இருப்பது அவனுக்குத் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சட்டப்படி இது மோசடியன்று.

அதே குதிரை, ஆனால் வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் மேஜரானவள். இங்கே அவன் சும்மா இருக்கக்கூடாது. தகப்பன் மகள் என்ற உறவே அவனைப் பேசக் கடமைப்படுத்துகிறது.

மறுபடியும் அதே குதிரை. வாங்குகிறவன் சொல்கிறான்: நீர் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன். விற்கிறவன் வாய் திறவாமல் நிற்கிறான். இங்கே அவனுடைய மௌனமே பேச்சாகிவிடுகிறது.

சட்டம் எழுதியவர்கள் எவ்வளவு கூர்மையாகச் சிந்தித்திருக்கிறார்கள் பாருங்கள்! மூன்று கதையிலும் குதிரை ஒன்றே, கோளாறு ஒன்றே. மாறுவதெல்லாம் எதிரில் நிற்கும் ஆள் யார் என்பதும், அவர் நம்மை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்பதுந்தான். அந்நியனிடம் சும்மா இருக்கலாம், மகளிடம் கூடாது என்கிறது சட்டம். நாட்டுச் சட்டம் அவ்வளவோடு நிற்பதில் தவறில்லை. ஒவ்வொரு மௌனத்தையும் வழக்காக்கினால் கோர்ட்டுகள் தாங்கா. ஆனால் மனசாட்சியும் அவ்வளவோடு நிற்கலாமா?

கற்றோர் நடத்திய வழக்கு

இந்த வழக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. உரோமை நாட்டுச் சிசெரோ கி.மு. 44-இல், கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு முதலில் வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும்; தீவாருக்குத் தெரியாது. அதை அவன் சொல்லவேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்றுவிடலாமா? தியோஜெனஸ் என்ற அறிஞர், சட்டம் கேட்கும் அளவு சொன்னால் போதும், மற்றபடி பொய் சொல்லாமல் தன் சரக்கைத் தான் விற்கலாம் என்றார். அவருடைய மாணாக்கர் அந்திபாத்தர் அதை மறுத்து, விற்கிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் வாங்குகிறவனுக்கும் தெரியவேண்டும் என்றார். சிசெரோவின் தீர்ப்பு மாணாக்கர் பக்கம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதே விஷயத்தை இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். குறை இரண்டு வகை என்கிறார் அவர். ஒன்று, கண்ணுக்குத் தெரிந்த குறை. குதிரைக்கு ஒற்றைக் கண் என்றால் பார்க்கிறவர் எவரும் அறிவர். அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்து விற்றால், அதைத் தண்டோரா போடவேண்டிய கடமையில்லை. மற்றொன்று, மறைந்திருக்கும் குறை. அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், விற்கிறவன் கேளாமலே சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லாமல் விற்றால் அது வஞ்சகம். உண்டான நஷ்டத்தை ஈடுசெய்யவும் அவன் கடமைப்பட்டவன். விற்கும்போது அவனுக்கே குறை தெரியாதென்றால் பாவமில்லை. ஆனால் பின்னால் தெரியவந்தால் ஈடுசெய்யவேண்டும்.

வாங்குகிறவனையும் அவர் விட்டுவிடவில்லை. விற்கிறவன் அறியாமல் பொன்னைப் பித்தளை என்று நினைத்து விற்றால், அதைத் தெரிந்துகொண்டே வாங்குகிறவன் அநியாயம் செய்கிறான் என்கிறார். ஆகவே, விவரம் தெரியாத பாட்டி ஒருத்தி தன் புராதன விளக்கை எடைக்குப் போடப் போகையில், அதன் மதிப்பை உணர்ந்த நாம் வாயை மூடிக்கொண்டு எடை விலைக்கு வாங்கி, மறுநாள் இணையத்தில் பத்து மடங்குக்கு ஏலம் விடுவது சாமர்த்தியம் அல்ல, களவின் உடன்பிறப்பு.

நம் தமிழ்ச் சான்றோர் இதை அறியாதவர்களா? வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வியாபாரிகளுக்கென்றே வைத்தார். அயலான் பொருளுக்குத் தன் பொருளுக்குள்ள மரியாதையைக் கொடுப்பதே வியாபாரம் என்பது அதன் சாரம். வாங்குகிறவனுடைய ஏழாயிரம் ரூபாயை என் ஏழாயிரம் ரூபாயைப்போல் நான் எண்ணினால், மேலே சொன்ன கேள்வி எழவே எழாது.

யார் வாங்குகிறார்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஒன்பது வருஷத்துப் பழைய பிரிட்ஜை யார் வாங்குவார்? வசதியுள்ளவர் வாங்கமாட்டார், அவர் கடைக்குப் போய்ப் புதியது வாங்குவார். நம்மைவிட ஒரு படி கீழே இருப்பவர்தான் நாம் கழித்த சாமானை வாங்க வருகிறார். புதிதாய்க் கலியாணமாகி வாடகை வீட்டில் குடியேறிய தம்பதிகள் வரலாம். வீட்டிலேயே மாவரைத்துப் பாக்கெட் போட்டு விற்றுப் பிழைக்கும் ஒரு தாய் வரலாம். அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். சீட்டுப் பணம் எடுத்து ஏழாயிரம் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறாள். இரண்டு மாதம் ஓடுகிறது. ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் மாவெல்லாம் பொங்கிப் புளித்துக் கிடக்கிறது. அன்றைய வரும்படி போயிற்று. மெக்கானிக் கூலி போயிற்று. அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. வழக்கமாக வாங்குகிறவர்களும் வேறு கடை பார்த்துக்கொள்கிறார்கள்.

நாம் லாபமாக நினைத்த மூவாயிரமோ நாலாயிரமோ எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்து விழவில்லை. அவளுடைய மாவுப் பானையிலிருந்து வந்தது. நம் கண் அதைக் காணவில்லை என்பது ஒன்றே வித்தியாசம். பணக்காரனை ஏமாற்றுவதும் பாவந்தான். ஆனால் பழைய சாமான் வியாபாரத்தில் ஏமாறுகிறவன் பெரும்பாலும் நம்மைவிட எளியவனாக இருக்கிறான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப்பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். 2001-இல் அவர் வேறிருவரோடு நோபல் பரிசு பெற்றது, இந்த வழியில் நடந்த ஆராய்ச்சிக்காக. அவர் சொல்வது இது: எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாதபோது, எந்தக் காருக்கும் அவன் ஒரு நடுத்தர விலைதான் கொடுப்பான். நல்ல கார் வைத்திருக்கிறவன் அந்த விலைக்கு ஏன் விற்பான்? அவன் சந்தையை விட்டுப் போய்விடுவான். போகப் போக ஓட்டைகளே மிஞ்சும். ஆகவே, குறையை மறைக்கிறவன் தன்னிடம் வாங்கியவனை மட்டும் கெடுப்பதில்லை. நல்ல பொருளை நாணயமாக விற்க வந்த அடுத்த வீட்டுக்காரனுக்கும் நியாயமான விலை கிடைக்காமல் செய்துவிடுகிறான். "பழசா? எல்லாம் ஏமாற்று" என்ற பேச்சு அவனால் வந்தது.

சில ஆட்சேபங்கள்

"எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பது முதல் ஆட்சேபம். எல்லோரும் செய்வதால் ஒரு காரியம் நியாயமாகிவிடாது. எல்லோரும் செய்கிறார்களா என்பதும் சந்தேகமே. செய்யாதவர்கள் அதைப்பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில்லை.

"வாங்குகிறவன் மட்டும் யோக்கியனா? பத்தாயிரம் பெறுமானத்தை ஆறாயிரத்துக்குக் கேட்கிறானே!" என்பது இரண்டாவது. பேரம் பேசுவது குற்றமன்று. இருவருக்கும் பொருள் தெரிந்திருக்கும்போது விலையில் இழுபறி நடப்பது இயல்பு. பொருளையே மறைப்பது வேறு. விலையில் போட்டி போடலாம். உண்மையில் போட்டி போடக்கூடாது.

"நான் வாங்கும்போது என்னை ஏமாற்றினார்கள், அந்த நஷ்டத்தை நான் எப்படிச் சரிக்கட்டுவது?" என்பது மூன்றாவது. இது மனத்துக்குக் கஷ்டமான ஆட்சேபம். ஏமாற்றியவனிடம் போய் நியாயம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவன் செய்த கடனை வேறொருவன் தலையில் கட்டுவதற்கு நமக்கு அதிகாரமில்லை. செல்லாத நோட்டு நம் கைக்கு வந்துவிட்டால் அதை இருட்டில் பூக்காரியிடம் தள்ளிவிடுவோமா?

"உள்ளது உள்ளபடி, திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று போட்டுவிட்டேனே, போதாதா?" என்பது நான்காவது. நமக்கே தெரியாத குறைகளுக்கு அது போதும். தெரிந்த குறைக்குப் போதாது. கிணற்றில் பாம்பு கிடப்பதை அறிந்தவன், "பார்த்து இறங்கவும்" என்று பொதுவாக எழுதிவைத்தால் தப்பித்துக்கொள்வானா?

கடைசி ஆட்சேபம்: "நாங்களும் கஷ்டப்படுகிறவர்கள்தானே, சாமி." இதற்கு எடுத்தெறிந்து பதில் சொல்ல முடியாது. கட்டணம் கட்டவேண்டிய தேதி நெருங்கும்போது தகப்பன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது அவனுக்குத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் விலை குறையும். இதில் ஒளிவுமறைவு வேண்டாம். நேர்மைக்கு எப்போதும் இரட்டிப்பு லாபம் கிடைக்கும் என்று சொல்லுகிறவர்கள் வியாபாரம் செய்து பார்த்ததில்லை. ஆனால் நம் கஷ்டம் நம்முடையது. அதை நீக்க உழைக்கலாம், கடன் கேட்கலாம், பிறர் உதவியை நாடலாம். கூரியர் பெட்டியில் வைத்து, முகம் தெரியாத இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவைக்கலாகாது.

நடைமுறையில் என்ன செய்வது?

வேண்டாததை விற்பது நல்ல காரியமே. முடங்கிக் கிடக்கும் பொருள் பயன்படுகிறது. வாங்குகிறவருக்குச் செலவு குறைகிறது. நமக்கும் ஓர் ஒத்தாசை. பின்வருபவற்றை மட்டும் மனத்தில் கொண்டால் போதும்.

முதலாவது, குறையைப் படம் எடுங்கள். கீறலும் துருவும் உள்ள பக்கமே முதல் படமாக இருக்கட்டும். தெரிந்த கோளாறைத் தமிழில் தெளிவாக ஒரு வரி எழுதுங்கள்: எது, எப்போதிருந்து, சரிபார்க்க என்ன செலவாயிற்று.

இரண்டாவது, கோளாறை மறைப்பதற்கென்று செலவு செய்யாதீர்கள். சுத்தம் செய்வது வேறு. துருவின்மேல் பெயிண்ட் அடிப்பது வேறு. விற்பதற்காகக் கேஸ் நிரப்பிவிட்டுச் சும்மா இருப்பது வெறும் மௌனமும் ஆகாது. சட்டமே அதை மூடி மறைத்தல் என்று சொல்லக்கூடும்.

மூன்றாவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவாதீர்கள். "ஏதாவது ரிப்பேர் உண்டா?" என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்க, அதை விட்டுவிட்டு, "எப்போது வந்து எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று பதில் போடுவது மூன்றாவது குதிரைக் கதையே. அந்த மௌனம் பேசுகிறது, பொய் பேசுகிறது.

நான்காவது, ஏலத்தில் விலை ஏற்றுவதற்காக மைத்துனனையோ நண்பனையோ பொய்யாகக் கேட்கச் சொல்லாதீர்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆவது பிரிவில், விற்கிறவன் அப்படிப் போலியாகக் கேட்டு விலையை உயர்த்தினால் வாங்கியவன் அந்த வியாபாரத்தையே தள்ளிவிடலாம் என்கிறது. இணையத்தில் பெயரை மாற்றிக்கொண்டு கேட்பது சுலபம். சுலபமாக இருப்பதால் பாவம் சிறியதாகிவிடாது.

ஐந்தாவது, ஆபத்தான பொருளை விற்கவே விற்காதீர்கள். வால்வு கெட்ட குக்கர், ஷாக் அடிக்கும் கிரைண்டர், உப்பிப்போன பேட்டரியுள்ள கைபேசி ஆகியவற்றுக்கு விலை பேசாதீர்கள். அவை பழுதுபார்ப்பவரிடமோ கழிவுக்கோ போகவேண்டியவை. இவற்றைத் தானமாகக் கொடுப்பதும் தவறு. ஏழைக்குக் கொடுத்தால் ஷாக் அடிக்காது என்று எண்ணக்கூடாது.

மகளும் அந்நியனும்

நம் குடும்பத் தலைவருக்கு அன்று நாம் சட்டமும் சொல்லவில்லை. அக்குவினாஸையும் எடுத்துக் காட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டோம்: "உங்கள் மகள் தனிக்குடித்தனம் போகும்போது இந்தப் பிரிட்ஜை எடுத்துப்போகிறேன் என்றால் என்ன சொல்லுவீர்கள்?"

அவர் யோசிக்கவேயில்லை. "வேண்டாம்மா, அதில் கேஸ் நிற்காது என்று சொல்லிவிடுவேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க, எழுதியே போட்டுருங்க" என்றார்.

எழுதிப் போட்டார்கள். "கேஸ் கசிவு உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பவேண்டியிருக்கிறது" என்ற வரியைப் பார்த்து, முதலில் வருவதாகச் சொன்ன இருவர் வரவில்லை. மூன்றாவதாக வந்தவர் பிரிட்ஜ் மெக்கானிக். கசிவு எங்கே என்று கண்டுபிடித்துப் பற்றவைக்க அவருக்குத் தெரியும். மூவாயிரம் கொடுத்து எடுத்துப்போனார். எதிர்பார்த்ததில் நாலாயிரம் குறைவு. அந்த நாலாயிரத்துக்கு அவர் கைமாற்று வாங்கித்தான் கட்டணம் கட்டினார். இன்னும் அடைத்துத் தீரவில்லை. இதை மறைத்து, எல்லாம் சுபமாய் முடிந்தது என்று எழுதினால் நாமும் கசிவை மறைத்து விற்பவர்களாவோம்.

ஆனால் அந்த வீட்டில் ஒன்று மிச்சமாயிருக்கிறது. விளம்பரத்தை எழுதியது பையன். தகப்பன் சொல்லச் சொல்லக் கைபேசியில் அந்த வரியைத் தட்டியவன் அவன்தான். தன் கட்டணத்துக்காகத் தகப்பன் எதை விற்றார், எதை விற்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

சட்டம் மகளை ஒரு பக்கமும் அந்நியனை ஒரு பக்கமும் நிறுத்தி, ஒருத்திக்குச் சொல், மற்றவனுக்குச் சொல்லாதிருந்தாலும் பாதகமில்லை என்கிறது. பிறர்சிநேகம் அந்தக் கோட்டை அழிக்கிறது. கைபேசியின் மறுமுனையில் இருப்பவர் பேர் நமக்குத் தெரியாமலிருக்கலாம். அவரும் ஒரு வீட்டுக்கு மகளோ மகனோதான். குதிரையின் கோளாறை அவருக்கும் சொல்லி, பிறகு விலையைப் பேசுவோம்.